நாய்க்கு உண்ணி மருந்து: கழுவ வேண்டிய வேளை எது?

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

நாயைப் பற்றிப் பேசுவதற்கா இத்தனை பேரைக் கூட்டினார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். லயத்து வீடுகளில் வாழ்வோருக்கு நாய் எத்தகைய துணை என்பதை நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. பொழுது புலருமுன் பெற்றோர் வேலைக்காட்டுக்குப் புறப்பட்டபின் வீட்டையும் பிள்ளைகளையும் காத்துக் கிடப்பது அதுவே. அதற்கு நன்மை செய்வதாக எண்ணி நாமே நஞ்சிட்டு விடுகிறோம் என்பதால்தான் இன்று இப்பொருளை எடுத்துக் கொண்டேன்.

செம்பனைத் தோட்டமொன்றில் நான் கேட்டறிந்த நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். நாய்க்கு உண்ணி மிகுந்து விட்டதென்று, காய்கறிக் கொல்லைக்கு வாங்கிய பூச்சிமருந்தில் சிறிது எடுத்துத் தண்ணீரில் கலந்து அதன் உடல் முழுவதும் தேய்த்திருக்கிறார் வீட்டுக்காரர். அரை மணி நேரத்தில் வாயில் எச்சில் ஒழுகியது, கால்கள் நடுங்கின, பின்னர் வலிப்புக் கண்டது. மகன் அதனைக் கோணிச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக் கொள்ள, ஒரு மணி நேரப் பயணத்துக்குப்பின் மருத்துவரிடம் கொண்டு சேர்த்தனர். “ஏன் கழுவவில்லை?” என்று மருத்துவர் கேட்டார். “மருந்து போட்டால் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது என்றார்களே!” என்றான் பையன். “என்ன மருந்து?” என்பது அடுத்த கேள்வி. அது குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்த மருந்து. பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்த நாய் பிழைக்கவில்லை.

அந்தச் சிறுவன் சொன்னது முற்றும் தவறன்று. கழுத்தின் பின்புறம் சொட்டுச் சொட்டாக விடும் மருந்துகளுள் பல, தோலின் எண்ணெய்ப் பசையோடு கலந்து உடலெங்கும் பரவுவன. ஆகவே சில நாட்களுக்குக் குளிப்பாட்ட வேண்டாமென உறையில் அச்சிட்டிருக்கும். ஆனால் அவ்விதி நலமாயிருக்கும் நாய்க்கு உரியது. நடுக்கமோ, தள்ளாட்டமோ, ஓயாத வாந்தியோ கண்டால் மருந்தின் பயனைப் பற்றி எண்ண வேண்டாம். அந்த நொடியே கழுவ வேண்டும்.

கழுவும் முறையையும் கூறி விடுகிறேன். முதலில் கையுறை அணிந்து கொள்ளுங்கள். அந்த நஞ்சு நம் தோலிலும் ஊறும். வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் போதும். சுடுநீர் ஆகாது, தோலில் இரத்த ஓட்டத்தைப் பெருக்கி நஞ்சை உள்ளிழுக்கும். குளிர்ந்த நீரும் வேண்டாம். உடல் குளிர்ந்தால் நடுக்கம் கூடும். கழுவியபின் துவட்டிப் போர்த்தி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். வலிப்புள்ள நாயின் வாயில் பாலோ எண்ணெயோ ஊற்றுவோர் உளர். அது மூச்சுக் குழலில் இறங்கி விடும்.

புட்டியையோ உறையையோ தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள். கொல்லையில் பயன்படும் மாலத்தியான், முன்பு பயன்பட்டு வந்த குளோர்பைரிபோஸ் போன்றவை நரம்புகளை ஓய்வின்றித் துடிக்கச் செய்வன. அவற்றுக்கு அட்ரோபின் என்னும் ஊசி உண்டு. சொறிக்கும் உண்ணிக்கும் நீரில் கரைத்துத் தேய்க்கும் அமித்ராஸ் வேறு வகை. அது நாயை மயக்கி, இதயத் துடிப்பைத் தளர்த்தும். அதற்குரிய முறிமருந்தும் வேறு. பெர்மெத்ரினுக்கோ முறிமருந்தே இல்லை. நடுக்கத்தை அடக்கிக் காப்பாற்ற வேண்டும். பெயர் தெரியாவிடில் மருத்துவர் எதைச் செய்வார்?

கடையில் விற்கும் நாய் மருந்து மட்டும் எப்போதும் தீங்கற்றதா என்றால், அதுவும் அளவைப் பொறுத்ததே. 2008ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்துக்கு, சொட்டு மருந்து முதலியவற்றால் வளர்ப்புப் பிராணிகளுக்கு நேர்ந்த தீங்குகள் பற்றி 44,000க்கு மேற்பட்ட புகார்கள் வந்தன. பெரும்பாலானவை தோல் சிவத்தல், அரிப்பு போன்ற சிறு தொல்லைகள். சில உயிருக்கே ஆபத்தானவை. ஆராய்ந்தபோது சிறிய நாய்களே மிகுதியும் பாதிக்கப்பட்டிருந்தன. பெரிய நாயின் குழாயை வாங்கி இரு குட்டிகளுக்குப் பங்கிட்டால் காசு மிச்சமாகலாம். ஆனால் கண்ணளவில் பங்கிடுவதற்கு இது கறிக்குழம்பன்று! நாயை எடுத்துக்கொண்டு தராசில் ஏறி, பின் நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள், எடை தெரிந்துவிடும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மருத்துவரைக் கேளாமல் எதனையும் பூச வேண்டாம்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வீட்டில் பூனையும் இருக்குமானால், நாய் மருந்தில் பெர்மெத்ரின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அது சாமந்தி இனத்துப் பூவொன்றின் சத்தைப் போலச் செயற்கையாகச் செய்யப்பட்டது. நாயின் ஈரல் அதனைச் சிதைத்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் குறைவு. மருந்திட்ட நாயோடு ஒட்டிப் படுத்த பூனைக்கும் வலிப்பு வருவதுண்டு.

“மருந்து போட்டும் உண்ணி போகவில்லையே, அதனால்தான் மீண்டும் போட்டோம்” என்பது நான் அடிக்கடி கேட்கும் விளக்கம். நாயின் மேல் நாம் காண்பது உண்ணிக் கூட்டத்தின் ஒரு பகுதியே. இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தெள்ளுப்பூச்சியின் குஞ்சுகளும் தரைப்புழுதியிலேயே வளர்கின்றன. வீட்டிலிருந்து புதியவை ஏறிக்கொண்டே இருக்க, நாயின் தோலில் மருந்தை இரட்டிப்பதால் யாது பயன்? நாய் படுக்கும் சாக்கைச் சுடுநீரில் துவையுங்கள், இடுக்குகளை அடையுங்கள், திண்ணையின் கீழ்ப் பெருக்குங்கள். மருந்தை அதற்குரிய நாளில் ஒருமுறை மட்டும் இடுங்கள்.

இதனைக் கேட்டுப் பயந்து மருந்தே வேண்டாமென்று விட்டு விடாதீர்கள். உண்ணிக் காய்ச்சலால் இரத்தம் குன்றி மாளும் நாய்களும் உண்டு. மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் எண்ணெயும் மட்டும் எக்காலத்தும் மருந்தாகா.

மருந்துகளின் உறையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிக்கப் பலருக்கு இயலுவதில்லை. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். இன்றைக்கு நானும் சற்று நேரம் இங்கே இருப்பேன். வீட்டிலுள்ள மருந்து எதுவாயினும் கொண்டு வாருங்கள், படித்துச் சொல்லுகிறேன். குளிர்பானப் புட்டியில் இருப்பதை மட்டும் கொண்டு வர வேண்டாம். அது எதுவென்று என்னாலும் சொல்ல இயலாது.