சுத்தியலும் நாற்காலியும்

(காந்தலில் ஆற்றிய உரை)



தொட்டபெட்டாவின் பனி இறங்கிவந்து காந்தலைப் போர்த்தும் வேளையிலே, கம்பளிக்குள் கைகளைப் புதைத்துக்கொண்டு கூடியிருக்கிறீர்கள். புதைந்த கைகளுள் ஒன்றிலே கைபேசி இருப்பதை நான் அறிவேன். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நான் கல்லூரியைப் பாதியிலே விட்டவன், நாடகத்தை விடாதவன். பாத்திரத்தைப் படைப்பவன் ஆசிரியன், உயிர் கொடுப்பவன் நடிகன், கைதட்டுபவன் ரசிகன் என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் தகர்த்தது ஒரு சுத்தியல்!

2001இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்திலே, காண்டிராக்டர் நேசமணியாக வந்த வடிவேலுவின் தலையிலே விழுந்ததே, அந்தச் சுத்தியல்! 18 ஆண்டுகள் கழித்து, 2019 மே மாதத்தில், சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது ஒரு முகநூல் பக்கம். தமிழர் ஒருவர் நேசமணி அடிபட்ட கதையைச் சொன்னார்; மற்றொருவர் நலம் விசாரித்தார். அவ்வளவுதான்! நேசமணிக்காகப் பிரார்த்தனை ட்விட்டரிலே பெருக்கெடுத்தது. இல்லாத மனிதனின் காயத்துக்கு இருக்கின்ற உலகம் இரங்கிற்று.

2017இல் 'மெர்சல்' வந்தபின், 2022வரை வடிவேலுவுக்குப் புதுப்படம் இல்லை. இடைப்பட்ட காலத்தில் அவரை மக்கள் மனத்திலே அமர்த்தியது யார்? படமுதலாளியா? இல்லை! விளம்பரப் பலகையா? இல்லை! காட்சியை வெட்டி, வரியை ஒட்டி, மீம் செய்து அனுப்பிய நீங்கள்!

வேர் பழையதுதான். 1967 சனவரியில் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டுடன் இருந்த படம் சுவரொட்டியாகி ஊரெங்கும் பேசிற்று. மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலையில் வென்றார். அன்று காசு வேண்டும், பசை வேண்டும், ஏணி வேண்டும். இன்று ஒரு விரல் போதும்!

விரலுக்கு வலிமை வந்தது; விவேகம் வந்ததா?

2023இல் மாரி செல்வராஜ் 'மாமன்னன்' தந்தார். அதே வடிவேலு! சட்டமன்ற உறுப்பினராகியும் ஆதிக்கக்காரன் எதிரே அமராமல் நிற்கும் தந்தை. அமரச் சொல்லிப் போராடுகிறான் மகன். துரைக்கு முன்னே நின்றபடியே பேசிய தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளே, அந்த நாற்காலியின் பொருளை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

ஆனால் நடந்தது என்ன? படம் நெட்ஃபிளிக்சில் வந்ததும், பகத் பாசில் ஏற்ற ரத்தினவேலு என்னும் கொடியவனின் காட்சிகளைத் துண்டாடி, சாதிப் பெருமைப் பாடல்களை ஒட்டி, அவனைக் கொற்றவனாக்கினர் சிலர்! நடிகரின் திறமையைப் போற்றட்டும், தடுப்பார் யார்? நாயை அடித்தே கொல்பவனை நாயகனாக்குவது எந்த ரசனை? எந்த நீதி?

சுத்தியல் ஒன்றுதான் தோழர்களே! சிற்பியின் கையிலே சிலை செய்யும். வெறியன் கையிலே மண்டை பிளக்கும். இன்று அது உங்கள் கையிலே. அனுப்புமுன் ஒரு நொடி கேளுங்கள்: நிற்பவனுக்கு நாற்காலி போடுகிறோமா? நிற்க வைத்தவனின் நாற்காலிக்கு மெருகு பூசுகிறோமா?

விடை உங்கள் விரல் நுனியிலே.