ஜன்னலை மூடுறதுக்கு முன்னாடி

பழைய வேன் ஒண்ணு வாங்கி, உள்ளே மெத்தை போட்டு ஊர் சுத்தணும்னு உங்கள்ல பல பேருக்கு ஆசை இருக்கும். "அதுல ஏசி போட முடியுமா?"ங்கறதுதான் எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி. முடியும். ஆனா ஏசி போட்ட அன்னிக்கே அந்த வேனோட ஜன்னல் எல்லாத்தையும் மூடப் போறீங்க. பல வருஷமா ஜன்னல் திறந்தே ஓடின வண்டிக்கு அது பெரிய மாற்றம். இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

எங்க மாமாகிட்ட 1994 மாடல் மெட்டடோர் வேன் இருக்கு. மெட்டடோர்னா பஜாஜ் டெம்போ கம்பெனி தயாரிச்ச வண்டி. 2005-ல ஃபோர்ஸ் மோட்டார்ஸ்னு பேர் மாத்தினாங்களே, அதே கம்பெனிதான். நண்பர்கள் பார்த்தா "செம விண்டேஜ்"னு சொல்லுவாங்க. 2021-ல வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டிக்குத்தான் அந்தப் பேர். மாமா வண்டி சட்டப்படி வெறும் பழைய வண்டி.

அந்த வண்டிக்கு ஏன் ஏசி? ராசிபுரம் பக்கத்துல இருந்து எங்க அம்மாயியை வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸுக்கு சேலம் கூட்டிட்டுப் போறது அதுலதான். டயாலிசிஸ் எடுக்கறவங்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்னு டாக்டர் அளவு சொல்லிடுவார். உடம்புல தங்கற தண்ணி வெளியே போக வழி இல்ல. ஏப்ரல், மே மாசத்துல நம்ம சேலம், நாமக்கல் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். வானிலை அறிக்கையில கரூர் பரமத்தி, சேலம் பேரை அடிக்கடி கேட்டிருப்பீங்க. தொண்டை வறண்டுபோன ஒருத்தரை "குடிக்காதீங்க"ன்னு சொல்லி மத்தியான வெயில்ல கூட்டிட்டுப் போறது எவ்வளவு கஷ்டம்னு பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் புரியும்.

வேலை நடந்தது நாமக்கல்ல. லாரி பாடி கட்டறதுக்கு அந்த ஊர் எவ்வளவு பேர்போனதுன்னு உங்களுக்குத் தெரியும். கம்பெனியில இருந்து கேபினே இல்லாம வெறும் சேசிஸா ஓட்டிட்டு வருவாங்க. கேபின், பாடி எல்லாம் பட்டறையில உருவாகும். மரவேலை, டிங்கர், வெல்டிங், பெயிண்ட், எலக்ட்ரிக்கல் எல்லாம் நாலு தெருவுக்குள்ள முடிஞ்சுடும். 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாராகிற லாரியில, மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேல இருந்தா, கேபின்ல ஏசி கட்டாயம்னு மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு. அதுக்கு முன்னாடி வந்த வண்டிகளுக்கு இது பொருந்தாது. அதனால பழைய வண்டிக்கு ஏசி வேணும்னா பட்டறைதான் வழி.

மெக்கானிக் அண்ணன் முதல் நாளே ஒண்ணு சொன்னார்: "ஏனுங்க தம்பி, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தாதீங்க. முதல்ல சூடு எங்கெங்க வருதுன்னு பார்ப்போம்."

மெட்டடோர்ல எஞ்சின் முன்னாடி ரெண்டு சீட்டுக்கும் நடுவுல, ஒரு மூடிக்குக் கீழே இருக்கும். அடுப்பைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏசி போடற மாதிரி. அதனால முதல் வேலை அந்த மூடிக்கு. உள்பக்கம் சூடு தாங்குற ஷீட் ஒட்டி, ஓரத்துல புது ரப்பர் வெச்சாங்க. அப்புறம் கூரைத் தகரத்துக்கு அடியில ஃபோம், கதவுக்கும் ஜன்னலுக்கும் புது பீடிங். இதுவரைக்கும் ஏசியில ஒரு பாகம் கூட மாட்டல. அதுக்குள்ளயே எஞ்சின் பக்கத்து அனல் பாதி குறைஞ்ச மாதிரி இருக்குன்னு மாமா சொன்னார்.

இப்போ, இந்த எபிசோட்லயே முக்கியமான விஷயம். எஞ்சின் பக்கத்துல புகைக்குழாய் ஜாயின்ட்ல சின்ன கசிவு இருந்தா, ஜன்னல் திறந்திருந்த வரைக்கும் அந்தப் புகை காத்தோட போயிடும். ஜன்னலை மூடினா உள்ளேயே தங்கும். அதுல இருக்கற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, மயக்கம், தூக்கம்னு ஆரம்பிச்சு ஆளையே கொன்னுடும். டீசல் எஞ்சின்ல பெட்ரோலைவிட அது கம்மிதான், ஆனா கம்மின்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, ஜாயின்ட்ல 'டுக்கு டுக்கு'ன்னு சத்தம் வருதா, கரி படிஞ்சிருக்கான்னு அண்ணன் பார்த்தார். ஒரு கேஸ்கெட்டை மாத்தினார். வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டுத் தூங்கவே கூடாதுன்னு மாமாகிட்ட ரெண்டு தடவை சொன்னார். கேம்பர் கனவு இருக்கறவங்க இதை எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க. பேட்டரியில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரமும் கிடைக்குது, வாங்கி மாட்டுங்க.

அதுக்கப்புறம்தான் ஏசி. கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுத்தும். அதுக்கான பிராக்கெட் கடையில ரெடிமேடா கிடைக்கல. லேத்துல செஞ்சோம். புல்லி ஒரே நேர்க்கோட்டுல இல்லன்னா பெல்ட் தின்னுட்டே இருக்கும். கண்டென்ஸரை ரேடியேட்டர் முன்னாடி வெச்சா, ரேடியேட்டருக்குச் சூடான காத்துதான் போகும், எஞ்சின் கொதிக்கும். அதனால தனி ஃபேனோட வண்டிக்கு அடியில மாட்டினாங்க. ரேடியேட்டரையும் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. ஃபேன், புளோயர் ரெண்டும் கரண்ட் நிறைய இழுக்கும், ராத்திரியில ஹெட்லைட்டும் சேரும். அதனால ஆல்டர்னேட்டரைப் பெரிசா மாத்தினோம்.

கேஸ் விஷயத்துல அவசரம் வேண்டாம். முதல்ல நைட்ரஜன் ஏத்திக் கசிவு பார்க்கணும். அப்புறம் வேக்வம் போட்டு ஈரத்தை எடுக்கணும். அதுக்கப்புறம் எடை பார்த்து கேஸ் ஏத்தணும். இதுல போடற ஆர்134ஏ வெளியே கசிஞ்சா, அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல பூமியைச் சூடாக்கும். வருஷா வருஷம் "கேஸ் டாப்-அப்" பண்றோம்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம்.

மாமா ஒரு சுவிட்ச் தனியா கேட்டார். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பழைய எஞ்சினுக்கு ஒவ்வொரு குதிரைசக்தியும் வேணும். அங்கே கம்ப்ரஸரை நிறுத்திட்டு புளோயரை மட்டும் ஓடவிடலாம். இன்னொண்ணு, இந்த யூனிட் உள்ளே இருக்கற காத்தையே திரும்பத் திரும்பச் சுத்தும். எட்டு பேர் இருந்தா அப்பப்போ ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து மூடணும்.

மொத்தச் செலவுல ஏசி கிட்டுக்குப் பாதிக்கும் கம்மிதான். மீதி எல்லாம் ரப்பர், ஃபோம், கேஸ்கெட், ஆல்டர்னேட்டர், கூலி. "ஏசி கிட் எவ்வளவு?"ன்னு மட்டும் கேட்டுட்டு பட்ஜெட் போட்டா இது எதுவுமே அதுல வராது.

மே மாசம் முதல் தடவை அந்த வேன்ல சேலம் போனோம். ஆண்டகலூர் கேட், மல்லூர், சீலநாயக்கன்பட்டி தாண்டுற வரைக்கும் அம்மாயி ஒரு தடவை கூட தண்ணி பாட்டிலைத் தேடல. "குளுருது கண்ணு, கொஞ்சம் குறைக்கச் சொல்லு"ன்னு மட்டும் கேட்டாங்க.

உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி இருந்தா, ஏசி கடைக்குப் போறதுக்கு முன்னாடி புகைக்குழாயைக் காட்டுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.