மூன்று பாஸும் ஒரு பேஸும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில், பருத்தித்துறையில், வைத்தியராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர் பேச வந்தால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று பயப்படாமல் லட்டைச் சாப்பிடுங்கள். நான் பேச வந்தது 'பேஸ்' பற்றி.

எங்கள் காலத்தில் மூன்று பாஸ் இருந்தன. சோதினை பாஸ், குடாநாட்டை விட்டு வெளியேற எடுக்கும் பாஸ், வீடு கட்டும் மேசன் பாஸ். முதலாவது கிடைத்தாலும் இரண்டாவது கிடைக்காது. இரண்டாவது கிடைத்தவர்களுக்கு மூன்றாமவர் தேவைப்படவில்லை.

நாலாவதான பேஸ் கிற்றார் எங்கள் காதில் விழவேயில்லை. மின்சாரம் இல்லாத 1990களில் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். கை களைத்தால் கசற் இழுபடும், எஸ். ஜானகியும் பேஸ் குரலில்தான் பாடுவார்!

அந்த நாட்களில், 1996 இல், மும்பையில் பிறந்தவர் மோகினி டே. தகப்பன் சுஜோய் டேயும் பேஸ் கலைஞர். மூன்று வயதிலேயே மகளுக்குப் பழக்கத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகள் பேசப் பழகும் வயதில் இவர் பேஸ் பழகினார். ரஞ்சித் பரோட், சாகீர் உசேன், ஏ. ஆர். ரகுமான் ஆகியோருடன் மேடையேறினார். 2023 இல் தன் பெயரிலேயே முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டார். கையில் இருப்பது கம்பிதான். எந்த மேடையிலும் கம்பி நீட்டவில்லை. வழக்கமாக மோகினி பிடித்தால் பிடிபட்டவர்தான் ஆடுவார். இந்த மோகினி கிற்றாரைப் பிடித்தார், சபையே ஆடியது.

எங்கள் கோயில் மேளக்கச்சேரியிலும் ஒருவர் ஒத்து ஊதுவார். 'ஒத்தூதுகிறாள்' என்பது எங்கள் ஊரில் ஏச்சு. ஆனால் அந்த ஒத்து நின்றால் நாதஸ்வரக்காரருக்கே சுருதி தடுமாறும்.

இனி என் தொழில். ஸ்டெதஸ்கோப்பின் ஒரு பக்கம் மணி போலிருக்கும். இதயத்தின் தாழ்ந்த ஒலிகளை அதை மெல்ல வைத்தால்தான் கேட்கலாம். அழுத்தினால் அவை மறைந்துவிடும். ஒலி இல்லாமல் போனதல்ல, அழுத்தியதால் கேட்கவில்லை.

'உது பொடியங்களின்ர சாமான், உனக்கேன்?' என்று சொல்லும் வீடுகள் இன்னும் உண்டு. அம்மாமாரே, அழுத்தாதீர்கள். இந்தப் பள்ளியை நூறாண்டு தாங்கியவர்களில் பலரின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் படிப்பித்தவர்களும், எங்களுக்காகப் பெடல் சுற்றியவர்களும் தாழ்ந்த ஒலிகள்தான்.

வெளிநாட்டிலுள்ள தோழியரே, சங்கீத அறைக்கு வயலின் வாங்கித் தருகிறீர்கள், நன்றி. அடுத்த முறை ஒரு பேஸ் கிற்றாரும் அனுப்புங்கள். அதை வாசிக்கப் போகிற பிள்ளை இந்த மண்டபத்திலேயே இருக்கிறாள்.