ஆறாம் பகுதி: பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பெற்றோரும்

(மகாவீரர் ஜயந்தி விழாவை ஒட்டி நடைபெற்ற கல்வி அரங்கில், ஓய்வுபெற்ற முதுகலைக் கணித ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பவணந்தி முனிவர் அருளிய நன்னூலை நாம் இலக்கண நூலாகவே அறிவோம். ஆயினும் அதன் பொதுப்பாயிரம் கல்வியைப் பற்றியே பேசுகிறது. நூலின் இயல்பு, ஆசிரியரின் இயல்பு, பாடம் சொல்லும் முறை, மாணாக்கரின் இயல்பு, பாடம் கேட்கும் முறை என ஐந்து பகுதிகளாக அது அமைந்துள்ளது. ஆசிரியப் பணியில் இருந்த 31 ஆண்டுகளில் அதனைப் பலமுறை படித்திருக்கிறேன். பெற்றோரின் இயல்பு என்று ஒரு பகுதி அதில் இல்லை. அக்காலத்தில் அதற்குத் தேவை எழவில்லை போலும். இன்று அத்தேவை பெரிதாக எழுந்துள்ளது. எழுதப்படாத அந்த ஆறாம் பகுதியைப் பற்றிச் சில சொற்கள் கூறவே வந்துள்ளேன்.

வரும் ஜூன் மாதம் நம் பிள்ளைகள் பலர் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கின்றனர். அந்த ஓராண்டில் வீட்டார் செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. செய்யக் கூடாத வேலைகளும் சில உண்டு. தாள்களைத் திரட்டுதல், நாள்களை நினைவில் வைத்தல், பணத்திற்கு வழி காணுதல் ஆகியன பெற்றோரின் வேலைகள். படித்தலும், எதைப் படிப்பதென்று தேர்ந்தெடுத்தலும் பிள்ளையின் வேலைகள். பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்பதைத் தந்தை முடிவு செய்கிறார். வருமானச் சான்றுக்காக இ-சேவை மையத்தில் பிள்ளை காத்து நிற்கிறது.

இதனைப் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. இத்தவற்றை முதலில் செய்தவன் நான். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபோது வேளாண்மை படிக்க விரும்பினான். எங்களுக்கு வந்தவாசிப் பக்கம் சிறிது நிலம் உண்டு. விடுமுறை தோறும் அவன் அங்கேதான் இருப்பான். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தை நான் போடவே இல்லை. பொறியியல் கலந்தாய்வில் அவனுக்குரிய விருப்பப் பட்டியலை நானே நிரப்பினேன். கணித ஆசிரியரின் மகன் பொறியாளன் ஆக வேண்டும் என்பது என் ஆசை. அவன் மறுத்துப் பேசவில்லை. நான்காண்டுப் படிப்பை ஆறாண்டில் முடித்தான். இன்று விதை வணிகம் செய்து நன்றாகவே வாழ்கிறான். ஒருநாள் வரப்பில் நடந்து வரும்போது, "அப்பா, அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னான். வகுப்பறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கேட்டு வழிகாட்டிய எனக்கு, வீட்டிலிருந்த ஒரு பிள்ளையைக் கேட்கத் தோன்றவில்லை.

ஆகவே முதற்கண் கேட்டல். இந்தக் கோடை விடுமுறையிலேயே பிள்ளையுடன் அமர்ந்து, எப்பாடத்தைப் படிக்கும்போது நேரம் போவது தெரிவதில்லை என்று கேளுங்கள். மூன்று துறைகளை அவர்களே எழுதட்டும். ஒவ்வொரு துறைக்கும் வாயில் எது என்பதை நீங்கள் தேடிச் சொல்லுங்கள். வாயில்கள் ஒன்றுபோல் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. கணிதத்தில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90 பெற்றவருக்கு 92, 44, 45 ஆகியவற்றைக் கூட்ட 181 வரும். கணிதத்தில் இழக்கும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் இழக்கும் இரண்டுக்குச் சமம் என்பதை இக்கணக்கே காட்டும். மருத்துவத்திற்கு நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் பார்க்கப்படுகிறது. தமிழ் இலக்கியம் படிக்க விரும்புவோருக்குத் தமிழ் மதிப்பெண்ணே அளவுகோல். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் போதும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்த வாயில் என்று ஜூன் மாதத்திலேயே அறிந்த பிள்ளை, எதற்கு எவ்வளவு உழைப்பது என்பதையும் அறியும்.

அடுத்து நாள்கள். ஒரு பெரிய நாள்காட்டியை வாங்கிச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்கான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு ஜனவரியிலும் ஏப்ரலிலும் இருமுறை நடைபெறுகிறது. ஜனவரித் தேர்வுக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும். மார்ச்சில் அரசுப் பொதுத்தேர்வு. அண்மை ஆண்டுகளில் நீட் தேர்வு மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நடைபெற்றுள்ளது. பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், கலை அறிவியல் ஆகியவற்றின் விண்ணப்பங்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நாள்கள் ஆண்டுதோறும் சிறிது மாறும். ஆகையால் அறிவிப்பு வந்தவுடன் நாள்காட்டியில் குறிப்பது தாய் தந்தையரின் பொறுப்பு. படிக்கும் பிள்ளையின் தலையில் இச்சுமையை ஏற்ற வேண்டாம்.

மூன்றாவது, தாள்கள். எங்கள் பள்ளியில் ஒரு மாணவி இருந்தாள். உழவர் குடும்பம், நல்ல மதிப்பெண், விரும்பிய கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் ஆதாரில் தந்தை பெயர் முழுமையாகவும், பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்தாகவும், வங்கிக் கணக்கில் வேறொரு எழுத்துக்கூட்டலிலும் இருந்தன. உதவித்தொகை விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. திருத்தம் முடிவதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. முதலாண்டுக் கட்டணத்திற்காக அவள் தந்தை கறவை மாடு இரண்டை விற்றார். ஓர் எழுத்தின் விலை இரண்டு மாடுகள். அப்பெயரைப் பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் தயாரித்தபோது சரிபார்த்திருக்க வேண்டிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன்.

ஆகவே ஜூலை மாதத்திற்குள் பிள்ளையின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள், தந்தை தாயார் பெயர் ஆகியவை ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியே பெற்று வையுங்கள். வருமானச் சான்று அவ்வாண்டிற்குரியதாக இருத்தல் வேண்டும். குடும்பத்தில் எவரும் பட்டம் பெறவில்லையெனில் முதல் பட்டதாரி சான்று பொறியியல் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அவ்வாறு பயின்ற பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டமும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்குகின்றன. சமணர் 2014 ஜனவரியில் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். சிறுபான்மையினர் உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்திலும், மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்திலும் தயங்காமல் கேளுங்கள். பொருள் போதாதெனில் வித்யாலட்சுமி இணையதளம் வழியே வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. பிள்ளையின் பெயரில் வாங்கினாலும் பெற்றோரும் அதில் உடன் கையொப்பமிட வேண்டும். ஆகையால் எவ்வளவு திருப்பிச் செலுத்த இயலும் என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

நான்காவது, கலந்தாய்வு. பொறியியல் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் எழுதலாம். பலர் ஐந்தாறு மட்டும் எழுதி இடமின்றி நிற்கின்றனர். வேறு சிலர், "பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்கக் கூடியதும் போய்விடும்" என்று அஞ்சுகின்றனர். இவ்வச்சம் வேண்டாம். தரவரிசைப்படி உங்கள் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக உள்ள முதல் இடம் உங்களுக்கு ஒதுக்கப்படும். மிக விரும்புவதை முதலிலும், அடுத்து விரும்புவதை அடுத்தும் எழுதுவதே சரியான முறை. விரும்பாத ஒன்றை இடையே செருகினால் அதுவே கிடைத்துவிடக் கூடும். முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் விவரங்களைப் பார்த்து, எட்டக் கூடியவற்றையும் போதிய அளவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் இல்லங்களுக்கென ஒரு கேள்வியும் உண்டு. இரவுண்ணாமையைக் கடைப்பிடிக்கும் பிள்ளை விடுதியில் என்ன செய்யும்? மாலை ஆறு மணிக்கு முன் உணவு கிடைக்குமா? கிழங்கு வகை சேராத உணவு உண்டா? இவற்றைச் சேர்ந்த பின் அறிந்து கலங்குவதைவிட, முன்னரே விடுதிக் காப்பாளரிடம் கேட்பது நன்று. பன்னிரண்டாம் வகுப்பிலேயே இச்சிக்கல் தொடங்கிவிடுகிறது. தனிப்பயிற்சி வகுப்பு இரவு எட்டு, ஒன்பது மணி வரை நீள்கிறது. பிள்ளை பசியோடு திரும்பிப் பசியோடு உறங்குகிறது. கதிரவன் மறையுமுன் ஒரு சிற்றுண்டிப் பெட்டி பயிற்சி மையத்திற்குப் போய்ச் சேரட்டும். அதனை ஏற்காத மையமெனில் வேறு மையம் பாருங்கள். நோன்பும் படிப்பும் ஒன்றையொன்று வருத்தாமல் பார்த்துக் கொள்வது பெரியோரின் கடமை.

இனி ஒரு சொல் நம் சமூகத்திற்கு. சென்னையிலும் பிற நகரங்களிலும் நம்மவர் பலர் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பணியாற்றுகின்றனர். ஊர்தோறும் ஜினாலயத்தின் மண்டபத்தில், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஒரு கணினியோடு இருவர் அமர்ந்தால் போதும். விண்ணப்பம் நிரப்பவும், சான்றிதழ்களைச் சரிபார்க்கவும், இப்போது கல்லூரியில் பயிலும் அண்ணன், அக்காள்களோடு பேசவும் அது இடமாகும். நகரத்துப் பிள்ளைக்கு வீட்டிலேயே கிடைக்கும் வழிகாட்டல், சிற்றூர்ப் பிள்ளைக்கு அம்மண்டபத்தில் கிடைக்கட்டும். இவ்வாண்டே இரண்டு ஊர்களில் இதனைத் தொடங்குமாறு அறக்கட்டளையினரைக் கேட்டுக் கொள்கிறேன். வந்தவாசிப் பக்கத்து மண்டபத்தில் அமரும் இருவரில் ஒருவனாக நான் வரச் சித்தமாக உள்ளேன்.

இறுதியாகத் தேர்வு முடிவு வெளிவரும் நாள். அன்று காலை பிள்ளை முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை. அடுத்த கணம் பார்ப்பது நம் முகத்தை. என் பணிக்காலத்தில், மதிப்பெண் குறைந்ததற்காக வீட்டிற்குச் செல்ல அஞ்சி மாலை வரை பள்ளி மரத்தடியில் அமர்ந்திருந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சிலரை நானே வீடுவரை அழைத்துச் சென்றேன். அன்று நீங்கள் சொல்லப்போகும் முதல் வாக்கியத்தை இன்றே தீர்மானித்து வையுங்கள். "சாப்பிட்டாயா?" என்பதாகவே அது இருக்கட்டும். தவறிய பாடத்திற்குச் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு உண்டு. அவ்வாண்டே கல்லூரியில் சேரவும் வழி உண்டு. பிள்ளை பேச்சைக் குறைத்தாலோ, உறக்கமின்றித் தவித்தாலோ, வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினாலோ தனியே விடாதீர்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசகர்கள் கட்டணமின்றிப் பேசுவார்கள்.

நம் அறநூல்கள் தானத்தை ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என நான்காக வகுத்துள்ளன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு உணவு தருகிறோம். நோயுற்றால் மருந்து தருகிறோம். கட்டணம் கட்டிக் கல்வியும் தருகிறோம். நான்காவதான அபய தானத்தை, அதாவது அஞ்சேல் என்னும் உறுதியை, எத்தனை இல்லங்கள் தருகின்றன? அதற்குப் பொருட்செலவு இல்லை. அப்பிள்ளைக்கு அந்த ஆண்டில் வேறெதனினும் மிகுதியாகத் தேவைப்படுவது அதுவே. நான் என் மகனுக்குக் காலத்தில் தரத் தவறியதை நீங்கள் உங்கள் மக்களுக்குத் தர வேண்டும் என்று வேண்டுகிறேன்.