வலியை மறைப்பது பொறுமையாகாது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)





நமது பள்ளியின் ஓரத்தில் நாற்காலியில் அமர்ந்து தொழுவோரின் வரிசை ஆண்டுதோறும் நீண்டு வருவதை நாம் காண்கிறோம். அவர்களுள் முதியவர்கள் மட்டுமல்ல, நாற்பது வயதைக் கடக்காதவர்களும் உள்ளனர். முதுகெலும்புத் தேய்வு, விபத்தில் முறிந்து சரியாகக் கூடாத எலும்பு, மூட்டு வாதம் எனக் காரணங்கள் பல. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகுத்துள்ளது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் அதற்குத் தனி இடமே தரப்பட்டுள்ளது. ஆகவே இது மனப்பிரமையுமல்ல, சோம்பலுக்குச் சொல்லும் சாக்குமல்ல.

நமது நாட்டில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஏற்றிருந்தது. அதற்கு மாற்றாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளை ஏற்றுள்ளது. அப்பட்டியலில் வலி என்று தனி வகை இல்லை. ஆயினும் வலியை உண்டாக்கும் நிலைகள் பல அதில் அடங்கும். கை கால் இயக்கக் குறைபாடு, நாட்பட்ட நரம்பியல் நோய்கள், அரிவாள் அணுச் சோகை, இரத்தம் உறையாமை நோய் ஆகியவை அவற்றுள் சில. மருத்துவக் குழு பரிசோதித்து 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்றளித்தால், சட்டம் தரும் முக்கியமான சலுகைகளுக்கும் ஒதுக்கீடுகளுக்கும் வழி திறக்கிறது. மாத உதவித்தொகைகளுக்கும் இச்சான்றே அடிப்படை. அவற்றுள் சிலவற்றுக்கு இதனினும் கூடுதல் சதவீதம் தேவைப்படும்.

நமது மஹல்லாவில் மூட்டை சுமந்து பிழைத்த சகோதரர் ஒருவர் அந்தக் குழுவின் முன் சென்றார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் வினவினார். "அல்ஹம்துலில்லாஹ், பரவாயில்லை டாக்டர்" என்றார் அவர். குனியச் சொன்னபோது, பிறர் முன் முனகுவது இழுக்கு என்று எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு முழுமையாகக் குனிந்தார். அன்றிரவு அவரால் புரண்டு படுக்கக்கூட இயலவில்லை. சான்றிதழிலோ மிகக் குறைந்த சதவீதமே பதிவாயிற்று. அவருடைய மனைவி அண்டை வீடுகளில் வேலை செய்து அக்குடும்பத்தைக் காத்து வருகிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. நலம் விசாரிப்பவருக்கு நாம் சொல்லிப் பழகிய மரியாதைச் சொல்லையே சொன்னார். ஆனால் மருத்துவர் அங்கே நலம் விசாரிக்கவில்லை, சாட்சியம் கேட்டார். மூட்டு எந்த அளவுக்கு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு உள்ளது என்பனவற்றை அளந்தே இயக்கக் குறைபாட்டின் சதவீதம் கணக்கிடப்படுகிறது. வலியைப் பல்லுக்குள் அடக்கிக் குனிந்தால் ஏட்டில் ஏறுவது நமது பொறுமையல்ல, "முழுமையாகக் குனிகிறார்" என்பதே.

வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானது என்று சிலர் கருதுகின்றனர். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது நூலில், நோயாளி தமக்கு வலிக்கிறது என்று சொல்ல அனுமதி உண்டு என்பதற்காகவே ஒரு பாடத்தை அமைத்துள்ளார்கள். நபி (ஸல்) அவர்கள் தமது தலைவலியை வாய்விட்டுச் சொன்ன செய்தியும் அதில் இடம்பெறுகிறது. பொறுமைக்கு உதாரணமாகச் சொல்லப்படும் அய்யூப் (அலை) அவர்களும் தமக்குத் துன்பம் நேர்ந்ததை இறைவனிடம் எடுத்துரைத்தவர்களே. இறைவனின் விதியைக் குறை கூறுவது வேறு, கேட்கும் அதிகாரியிடம் உள்ளதை உள்ளபடி கூறுவது வேறு. அதே போல, இல்லாத வலியை நடிப்பதும் பொய்ச் சாட்சியமே. அது உண்மையாகவே வலியுடன் வரிசையில் நிற்கும் அடுத்தவர் மீதும் சந்தேகத்தை வரவழைக்கும்.

ஆகவே குழுவின் முன் செல்வோர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முதலாவது, காகிதங்கள். மருத்துவமனைச் சீட்டுகள், எக்ஸ்ரே, ஸ்கேன் அறிக்கைகள், அறுவை சிகிச்சைக் குறிப்புகள், மருந்துச் சீட்டுகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் ஒரே கோப்பில் அடுக்குங்கள். ஜெராக்ஸ் படிகளைத் தனியே வையுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய எக்ஸ்ரேயை எறிந்துவிடாதீர்கள். வலி எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவது, நாட்குறிப்பு. விண்ணப்பிக்கும் முன்பே சில வாரங்கள் தினமும் நான்கு வரி எழுதி வாருங்கள். எத்தனை மணி நேரம் உறங்கினோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்த வேலையைப் பாதியில் விட்டோம் என்று எழுதுங்கள். நல்ல நாட்களையும் எழுதுங்கள். குழு நம்மைக் காண்பது சில நிமிடங்களே. வாரத்தில் எத்தனை நாள் எழ முடியவில்லை என்பதை அந்தக் குறிப்பே எடுத்துச் சொல்லும்.

மூன்றாவது, அளவோடு பேசுதல். "தாங்க முடியாத வலி" என்பதைக் காட்டிலும், "பத்து நிமிடத்திற்கு மேல் தரையில் உட்கார இயலாது, ஒரு குடம் தண்ணீர் தூக்க இயலாது, இரண்டு ரமளானுக்கு முன் தராவீஹை நின்று தொழுதேன், இன்று ஃபர்ளுக்கே நாற்காலி வேண்டும்" என்பது தெளிவாக விளங்கும். குனியச் சொன்னால் இயன்ற வரை குனியுங்கள். எங்கே வலி தொடங்குகிறதோ அங்கே அதைச் சொல்லுங்கள்.

நான்காவது, இயல்பு மாறாமை. வழக்கமான மருந்தை நிறுத்திவிட்டோ கூட்டிக்கொண்டோ செல்லாதீர்கள். மருந்து உட்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். கைத்தடி ஊன்றுபவர் அதனோடு செல்லட்டும்; ஊன்றாதவர் அன்றைக்கென்று இரவல் வாங்க வேண்டாம். உடனிருந்து பார்ப்பவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். "வீட்டு வேலைதானே" என்று உங்கள் வலியை நீங்களே குறைத்துச் சொல்லாதீர்கள். மாவு பிசைவதும் துணி பிழிவதும் குழந்தையைத் தூக்குவதும் உடலுழைப்பே. அவற்றில் எது இயலவில்லையோ அதைச் சொல்லுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் குறைந்த சதவீதம் வரக்கூடும். அவ்வாறு வந்தால், சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி வைத்துள்ளது. காலந்தாழ்த்தாமல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். வீட்டாருக்கும் ஒன்று சொல்கிறோம். அந்த எண் உடலின் இயக்கத்தை அளந்த எண். மனிதரின் வாய்மையை அளந்த எண்ணல்ல. சான்று கிடைக்கவில்லை என்பதற்காக, "டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார்" என்று குத்திப் பேசாதீர்கள். அந்தச் சொல் எந்த மருந்தாலும் ஆறாது.

ஜமாஅத் நிர்வாகத்திடம் நமது கோரிக்கை எளியது. தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பம் இணையத்தின் வழியே செய்யப்படுகிறது. படித்த இளைஞர் இருவர் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் பள்ளியில் அமர்ந்து விண்ணப்பத்தைப் பதிவு செய்து, கோப்பை அடுக்கித் தரட்டும். பரிசோதனை நாளில் ஆட்டோ வாடகைக்கு இல்லாதவர்க்கு நிர்வாகம் அதைக் கொடுக்கட்டும். நாம் குறிப்பிட்ட அந்தச் சகோதரரின் கோப்பே முதல் கோப்பாக இருக்கட்டும்.

வலியில் உழல்வோர் அனைவருக்கும் இறைவன் நலத்தையும், உடனிருப்போருக்கு இரக்கத்தையும் வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.