மூலவர் இல்லாத கோயிலை எப்படிப் பாடம் நடத்துவது?

இன்று பி.எட். பட்டம் பெறும் இளைய ஆசிரியர்களே,

பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர்கள் வானத்தைத் தொடச் சொல்வார்கள். நான் திண்டுக்கல் மலைக்கோட்டை வரை ஏறினால் போதும் என்று சொல்ல வந்திருக்கிறேன். வரலாறு உங்களில் சிலருக்குத்தான் பாடம் என்பது தெரியும். ஆனால் ஆள் பற்றாக்குறை உள்ள பள்ளியில் சமூக அறிவியல் யார் தலையில் வேண்டுமானாலும் விழும். அதனால் எல்லோரும் கேட்டு வையுங்கள்.

பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நம் வட்டாரம் எங்கே வருகிறது? பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடத்தில், சிவகங்கை ராணி வேலு நாச்சியாரை ஒட்டி, விருப்பாட்சி கோபால நாயக்கர் ஒரு பெட்டிச் செய்தியாக வருகிறார். பெட்டிச் செய்தி என்றால் பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்த ராணி எட்டு ஆண்டுகள் விருப்பாட்சியில் நாயக்கரின் பாதுகாப்பில் இருந்தார். ஹைதர் அலியிடம் படை உதவி பெற்று 1780-ல் சிவகங்கையை மீட்டார். பின்னாளில் திண்டுக்கல் கூட்டமைப்பைத் திரட்டிக் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்த நாயக்கரை 1801-ல் இதே திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். இத்தனையும் கடைசியில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ ஆகிவிடுகிறது.

அந்த ஹைதர் அலி நமக்கு அந்நியர் அல்லர். 1755-ல் மைசூரின் பவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இந்தக் கோட்டைக்கு வந்தவர். அவர் வளர்ச்சி இங்கேதான் தொடங்கியது. அவர் தங்கை அடக்கமாகியிருப்பது பேகம்பூர்ப் பள்ளிவாசலில். அதே கோட்டையின் உச்சியில் மூலவர் இல்லாத கோயில் ஒன்று நிற்கிறது. அங்கிருந்ததாகச் சொல்லப்படும் அபிராமி அம்மன் இப்போது இருப்பது கீழே ஊருக்குள். சாமி எப்போது இறங்கியது, யாரால் இறங்கியது என்று விசாரித்தால் மைசூர்க்காரர்களைக் கைகாட்டும் கதைகள் கிடைக்கும். ஒருநாள் உங்கள் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “ராணிக்குப் படை கொடுத்தவரா சார் இதைச் செய்தார்?” என்று கேட்பான். என்ன சொல்வீர்கள்?

“அது சிலபஸில் இல்லை, உட்கார்” என்பது சுலபம். தேசங்களே அப்படிச் சொல்லியிருக்கின்றன. 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டா தன் பள்ளிகளில் வரலாறு நடத்துவதையே நிறுத்திவைத்தது. எதைச் சொன்னாலும் பழைய காயம் திறக்கும் என்ற அச்சம். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் பள்ளிக்கூடம் பேசாததைத் தெரு பேசும். இப்போது வாட்ஸ்அப்பும் பேசும்.

இன்னொரு வழி, அதிகாரத்தில் இருப்பவருக்குப் பிடித்ததை மட்டும் அச்சடிப்பது. ஜப்பானில் இயெனகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர், தன் பாடநூலில் அரசு கைவைத்ததை எதிர்த்து 1965-ல் தொடுத்த போராட்டம் 1997-ல்தான் முடிந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். கர்நாடக அரசு 2015-ல் ஹைதரின் மகன் திப்பு சுல்தானுக்கு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கியது. குடகில் கடும் எதிர்ப்பு. 2019-ல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை எடுத்துவிட்டது. இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் வரலாற்றில் தங்கள் முன்னோரைத் தேட வேண்டியிருக்கிறது என்ற குறையும் நெடுநாளையது.

என் மனம் தங்கிவிட்டது வேறொரு முயற்சியில். இஸ்ரேலைச் சேர்ந்த டான் பார்-ஓன், பாலஸ்தீனத்தைச் சேர்ந்த சாமி அத்வான் என்ற இரண்டு கல்வியாளர்கள், இருபுறத்து ஆசிரியர்களையும் உட்காரவைத்து ஒரு பாடநூல் எழுதினார்கள். பக்கத்தின் ஒரு ஓரத்தில் இஸ்ரேலியர் சொல்லும் 1948 போர், மறு ஓரத்தில் பாலஸ்தீனர் சொல்லும் 1948 போர். நடுவில் வெற்றிடம். அது மாணவன் எழுதுவதற்கு. இரு தரப்புக் கல்வித் துறைகளும் அந்த நூலை ஏற்கவில்லை. அது போரை நிறுத்தவும் இல்லை. பாடநூலிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பிரெஞ்சு, ஜெர்மன் மாணவர்களுக்கான பொது வரலாற்று நூல் 2006-ல் வெளிவந்தது. ஆனால் அங்கே சண்டை ஓய்ந்து அறுபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பார்-ஓனும் அத்வானும் எழுதியது குண்டுகளுக்கு நடுவே.

நம் பையனுக்கும் ஒரு தாளை மூன்றாக மடித்துக் கொடுங்கள். ஒரு பக்கம் அவன் பாட்டி சொன்ன கோயில் கதை. இன்னொரு பக்கம் புத்தகம் சொல்லும் நாச்சியார் கதை. நடுவில் அவன் எழுதட்டும். ஆனால் ‘இரண்டும் சரிதான்’ என்று சொல்லி நீங்கள் தப்பிக்கக் கூடாது. சொன்னவர் யார், சம்பவம் நடந்து எவ்வளவு காலம் கழித்துச் சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், யாரோடு அவருக்குப் பகை என்று கேட்கப் பழக்குங்கள். ஹைதரைப் பற்றிக் கும்பினி அதிகாரி எழுதினால் எதிரியை எழுதுகிறார். மைசூர் அரசவைக்காரர் எழுதினால் எஜமானை எழுதுகிறார். இரண்டையும் அதற்குரிய தள்ளுபடியோடு படிக்கப் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியும். சந்தையில் விலை கேட்கத் தெரிந்த பிள்ளைதானே. போர்ஷன் முடியாது என்பீர்கள். பிள்ளைகளோடு கோட்டைக்கு ஏறிப் பார்த்துவர ஒரு முற்பகல் போதும்.

போகும் முன் பாடம் எடுக்காதீர்கள். மதுரை நாயக்கர் காலத்துச் சுவர், மைசூர்க்காரர் சேர்த்தது, 1790-ல் கோட்டையைப் பிடித்த பிறகு கும்பினியார் கட்டியது எது எதுவென்று அவர்களே ஊகிக்கட்டும். தப்பாகச் சொன்னால் ஏன் அப்படித் தோன்றியது என்று கேளுங்கள். மத்தியத் தொல்லியல் துறையின் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, உங்களுக்கு உண்டு. தலைமையாசிரியரிடம் முன்னதாகவே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். பாறை சுடுவதற்குள் ஏறி இறங்கிவிட வேண்டும். ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கட்டாயம்.