செல்வமும் நலமும்

அரசாங்க அறிக்கைகளைத் தமிழாக்கும் நாம், ‘நாட்டு வருமானம்’ என்னும் சொற்றொடரை எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம். அதனருகே ‘மக்கள் நலம்’ என்று எழுதும்போதெல்லாம் நமது பேனா சற்றே தயங்குகிறது. இரண்டும் ஒன்றாகுமோ?

வருமானக் கணக்கை வகுத்தளித்த சைமன் குஸ்நெட்ஸ் என்னும் அறிஞரே, 1934-இல் அமெரிக்கக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், அக்கணக்கைக் கொண்டு மக்களின் நலத்தை அளந்துவிட இயலாது என எச்சரித்தார். காரணம் எளிது. கூலிக்குச் சமைப்பவரின் உழைப்பு கணக்கில் ஏறும். வீட்டில் தாய் சமைப்பது ஏறாது. மருத்துவச் செலவு ஏறும். நோயின்றி வாழ்ந்த நாட்கள் ஏறா.

1904-இல் ரயில் பயணத்தில் ரஸ்கினின் நூலைப் படித்த காந்தியடிகள், 1908-இல் அதன் சாரத்தைக் குஜராத்தியில் தந்து, ‘சர்வோதயம்’ எனப் பெயரிட்டார். ‘இந்தக் கடையனுக்கும்’ என்பது மூலத்தின் தலைப்பு. ‘அனைவரின் உயர்வு’ என்பது அவர் கண்ட பொருள். கடையன் உயராமல் அனைவரும் உயர்ந்ததாகுமோ?

1990-இல் ஐக்கிய நாடுகளின் மனித வளர்ச்சி அறிக்கை, வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து எண்ணத் தொடங்கியது. நன்று. எனினும் அதுவும் சராசரியே. சராசரியில் கடையன் மறைந்துபோகிறான். அவனைத் தேடிக் கண்ட பின்னரே ‘நலம்’ என்னும் சொல்லை எழுதுவோமாக.